வார்ப்பு என்று எழுதியவள்

எங்கள் ஆலையில் என் வேலை ஒரு சொல் எழுதுவது. வாடிக்கையாளர் அனுப்பும் வரைபடத்தின் வலது மூலையில் ஒரு கட்டம் இருக்கும். இந்தப் பொருளை எந்த முறையில் செய்வது என்று அதில் எழுதி, கீழே நோரீன் டீபோ என்று கையெழுத்துப் போடுவேன். இருபத்தொரு வருடமாக அதற்குத்தான் சம்பளம்.

உள்ளே குடல் போல வளைந்து செல்லும் வழிகளோடு ஒரு பம்புக் கூடு வந்தால் யோசிக்கவே வேண்டாம். உருக்கை மணல் அச்சில் ஊற்றி வார்ப்பதுதான் வழி. வேறு எப்படியும் அந்த வழிகளை உள்ளே கொண்டுவர முடியாது. ஒரே மாதிரி ஐம்பதாயிரம் கதவுக் கைப்பிடி வேண்டுமென்றால் இரும்பு அச்சுக்குள் துத்தநாகத்தை அழுத்திச் செலுத்துவது. மூன்றே மூன்று உருளைகள் போதும் என்றால் அச்சே வேண்டாம், பாளத்தை மெஷினில் கடைந்துகொள்ளலாம். ஆனால் தூக்குகிற, தொங்குகிற, ஆளின் உயிரைத் தாங்குகிற கொக்கி எதுவானாலும் ஃபோர்ஜிங்தான். எஃகைச் சிவக்கக் காய்ச்சி, டை என்னும் எஃகு அச்சுக்குள் வைத்து, பெரிய சம்மட்டியால் அடித்து வளைப்பார்கள். அப்படி அடித்தால் எஃகுக்குள் இருக்கும் நார், வளைவோடு சேர்ந்து வளைந்து ஓடும். வார்ப்பில் நார் கிடையாது. உருக்கு உறையும்போது சுருங்கும். சுருங்கும் இடத்தில் உள்ளுக்குள் பொத்தல் விழும். வெளியே பார்த்தால் தெரியாது.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அந்த ஆகஸ்டில் ஹார்லோ மலையின் மேலாளர் வெண்டெல் ப்ரூவர் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஆலைக்கு வந்தார். பனிச்சறுக்குக்கு வருகிறவர்களை உச்சிக்குக் கொண்டு போகும் நாற்காலி லிஃப்ட் அவருடையது. எழுபத்தாறு நாற்காலிகள். ஒவ்வொன்றையும் மேலே ஓடும் கம்பிவடத்தோடு கவ்விப் பிடித்திருப்பது ஒரு பிடி. அதில் கொக்கி மாதிரி வளைந்த தாடை ஒன்று, ஒரு செங்கல் கனம் இருக்கும். பழைய தாடைகளில் விரிசல் ஓடியிருப்பதைக் கண்டு, மாநில ஆய்வாளர் அத்தனையையும் மாற்றச் சொல்லிவிட்டார். அவற்றைச் செய்த கம்பெனி மூடி வெகு காலமாயிற்று.

"டிசம்பர் நடுவுல திறக்கணும்," என்றார் வெண்டெல். "கிறிஸ்துமஸ் வாரம் போச்சுன்னா என் வருஷமே போச்சு."

"ஃபோர்ஜிங்," என்றேன். "இதுல வேற பேச்சே இல்ல."

எங்கள் ஆலைத் தலைவன் டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ் தலையைச் சொறிந்தான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின் பெஞ்சுக்காரன். "ஃபோர்ஜிங்காரன்கிட்ட பேசிட்டேன் நோரீன். டை வெட்டவே இருபத்தாறு வாரம்ங்கறான். தாடை கைக்கு வர்றப்ப இவரு மலையில புல்லு முளைச்சிருக்கும்."

"அப்ப நல்ல அடிச்ச பாளமா வாங்கி மெஷின்ல கடைவோம். ஒரு மெஷின இதுக்கே விட்டா, ஒண்ணுக்கு ரெண்டு நாள். டிசம்பருக்குள்ள முப்பத்தெட்டு தேறும். பாதி நாற்காலியோட ஓட்டுங்க, மிச்சத்த அப்புறம் மாட்டிக்கலாம்."

"பாதி நாற்காலியோட ஓட்டறது பாதிப் பல்லோட சிரிக்கிற மாதிரிம்மா," என்றார் வெண்டெல். "வரிசை கார் நிறுத்தற இடம் வரைக்கும் நிக்கும். அடுத்த வாரம் எல்லாரும் பக்கத்து மலைக்குப் போயிடுவான்."

டெல்பர்ட் வார்ப்பட்டறைத் தலைவர் ஓவைலாவைக் கூப்பிட்டான். ஓவைலா அறுபதைத் தாண்டியவர், கியூபெக்கிலிருந்து சிறு வயதில் வந்தவர். தாடையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வார்க்கலாம். வளைவுல தடிமன் திடீர்னு மாறுது, அது ஒண்ணுதான் தொல்லை. உருக்கு அங்கதான் கடைசியா உறையும். பார்த்துப் பண்ணணும்."

"பார்த்துப் பண்ணாம என்னைக்குப் பண்ணியிருக்கீங்க?" என்றான் டெல்பர்ட்.

"இந்தப் பொம்பள என்னைக்காவது விட்டிருக்காளா?" என்று என்னைக் காட்டிச் சிரித்தார் ஓவைலா. "இவளுக்கு ஃபோர்ஜிங்காரன் எவனோ சொந்தக்காரன்னு நினைக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மலை மூடினால் எங்கள் ஊரில் குளிர்காலத்தில் வேலையே கிடையாது. என் தங்கை வீட்டுக்காரன் அங்கே பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். மூன்று பேர் காத்திருக்க, ஒருத்தி மட்டும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பது எவ்வளவு சிரமம் என்று, அப்படிச் சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கட்டத்தில் பென்சிலால் ஃபோர்ஜிங் என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன். அதை அழித்துவிட்டு, பேனாவால் வார்ப்பு என்று எழுதினேன். கீழே நிபந்தனைகள் போட்டேன்: குளிருக்குத் தாங்கும் கலவை எஃகு, வார்த்தபின் சூடாக்கிப் பதப்படுத்துவது, ஒவ்வொரு தாடைக்கும் எக்ஸ்ரே. ஒவ்வொரு என்பதன் அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.

அக்டோபரில் இரண்டு தடவையாக உருக்கினார்கள். தடவைக்கு நாற்பது, ஆக எண்பது தாடை, நான்கு உபரி. முதல் பத்தின் எக்ஸ்ரே படங்களை டெல்பர்ட் என் மேஜையில் கொண்டுவந்து பரப்பினான். ஒரு மாசு இல்லை. மூன்று வாரம் கழித்து, எண்பதும் பார்த்தாயிற்று என்று ஒரு தாள் கோப்பில் சேர்ந்தது. மீதி எழுபது படத்தையும் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. அந்த வாரம் வேறு ஒரு அவசர வேலை இருந்தது. ஆய்வாளரும் அந்தத் தாளைப் பார்த்து, பாரம் ஏற்றி இழுத்துப் பார்த்து, ஒப்புதல் கொடுத்தார். டிசம்பர் பதினான்காம் தேதி லிஃப்ட் ஓடத் தொடங்கியது.

ஜனவரி மூன்றாம் வாரம் கனடாப் பக்கமிருந்து குளிர் இறங்கியது. கார் கதவைத் திறந்தால் ரப்பர் கிழிகிற சத்தம் கேட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு பம்புக் கூடு விஷயமாக வார்ப்பட்டறைக்குப் போனேன். ஓவைலா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். வழக்கமாக ஏதாவது வம்பிழுப்பார். அன்று இழுக்கவில்லை.

"உன்ன கூப்பிடலாமா வேண்டாமான்னு காலையில இருந்து யோசிச்சுக்கிட்டு இருக்கேன்," என்றார். "உபரியா இருந்த தாடை ஒண்ண இன்னைக்கு ரம்பத்துல அறுத்தேன். சும்மா, வளைவு எப்படி வந்திருக்குன்னு பார்க்கத்தான்."

பலகை மேல் இரண்டு பாதியும் கிடந்தன. வெட்டு முகம் கண்ணாடி போல மின்னியது. வளைவின் நடுவில், தோலுக்கு ஒரு விரற்கடை உள்ளே, அவரைக்கொட்டை அளவு கறுப்பாக ஒரு குழி. விளிம்பெல்லாம் கடற்பஞ்சு மாதிரி பொத்தல். நான் நகத்தை உள்ளே விட்டுப் பார்த்தேன். நகம் போயிற்று.

"எந்த உருக்கு?"

"ரெண்டாவது. அன்னைக்கு உலை கொஞ்சம் சண்டித்தனம் பண்ணுச்சு. கொப்பரையில உருக்கு ஆறிப்போச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம். எக்ஸ்ரே பார்க்கறாங்களே, இருந்தா தெரிஞ்சிடும்னு விட்டுட்டேன்."

"எக்ஸ்ரே பார்த்தாச்சுன்னு கோப்புல இருக்கே."

ஓவைலா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "எக்ஸ்ரேக்கு நம்ம வண்டியிலதான் அனுப்பினோம். முதல் பத்து போச்சு. ரெண்டாவது உருக்குல இருந்து நாலே நாலு. பாக்கி எல்லாம் நேரா மலைக்குப் போச்சு. நீ சொல்லித்தான் அப்படின்னு டெல்பர்ட் சொன்னான்."

இரண்டாவது உருக்கில் வார்த்த தாடைகளுக்கு நாற்பத்தொன்றிலிருந்து எண்பது வரை எண் பொறித்திருந்தது. உபரி நான்கும் அந்த உருக்குதான்; அவற்றைக் கழித்தால் முப்பத்தாறு தாடைகள் அந்த நிமிடம் மலை மேல் ஓடிக்கொண்டிருந்தன.

அறுத்த பாதியை டெல்பர்ட்டின் மேஜையில் வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை.

"எக்ஸ்ரே மெஷின்ல குழாய் போயிடுச்சு," என்றான். "புதுசு வர பன்னிரண்டு நாள்னாங்க. பார்த்த பதினாலும் சுத்தமா இருந்துச்சு. பானை சோத்துக்கு ஒரு சோறுதான பதம்?"

"சோத்துக்குச் சரி டெல்பர்ட். பானையில எல்லாம் ஒரே கொதியில வேகுது. வார்ப்புல ஒவ்வொண்ணும் தனித்தனியா உறையுது. அதனாலதான் ஒவ்வொண்ணும்னு எழுதி ரெண்டு கோடு போட்டேன்."

"எல்லாத்தையும் இழுத்துப் பார்த்தோமே. ஒண்ணுகூட உடையல."

"நவம்பர்ல, ஷெட்டுக்குள்ள, ஹீட்டர் போட்டுக்கிட்டு இழுத்தீங்க. நாளைக்குப் பூஜ்யத்துக்குக் கீழ இருபதுங்கறான். உள்ள குழி இருக்கற எஃகு அந்தக் குளிர்ல எப்படி உடையும்னு உனக்குத் தெரியாதா? வளையாது. கண்ணாடி மாதிரி டக்குனு போயிடும்."

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். "அஞ்சு வாரமா ஓடுதே நோரீன்," என்றான். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மூடினதும் கழட்டிப் பார்ப்போம். இப்ப வாயத் திறந்தா ஆலை போச்சு, மலை போச்சு."

ஆய்வாளர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் வடக்கே வேறொரு மலையில் இருந்தார். செய்தி சேர்ப்பதாகச் சொன்னார்கள். அடுத்த நாள் புதன்கிழமை. புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் மதியம் வரைதான். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு பஸ்ஸில் ஏற்றி மலைக்கு அனுப்புவார்கள்.

காலையில் வெண்டெல் அறைக்குப் போனேன். அறுத்த பாதியை அவரிடமும் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"டெல்பர்ட் ராத்திரியே பேசிட்டாரு. இது உபரில இருந்ததாமே. ஓடறது வேற, உபரி வேறன்னாரு."

"ஒரே உருக்கு வெண்டெல். ஒரே நாள், ஒரே கொப்பரை."

"ஆலைத் தலைவர் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்காரு. நீங்க நல்லா இல்லங்கறீங்க. நான் யார நம்பறது? வார்க்கலாம்னு எழுதினதே நீங்கதானம்மா."

 என் பையில் அந்த வரைபடத்தின் நகல் இருந்தது. எடுத்து, மூலையிலிருந்த சொல்லைக் குறுக்கே அடித்து, "இந்த வேலைக்கு வார்ப்பு ஆகாது. லிஃப்டை நிறுத்தவும்" என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டு அவர் மேஜையில் வைத்தேன். "இப்ப உங்களுக்கும் தெரியும்," என்றேன். அவர் முகம் சிவந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. லிஃப்டின் கீழ் நிலையத்துக்குப் போய் நின்றேன். அங்கே கீழிறங்கி வரும் நாற்காலிகள் பெரிய சக்கரத்தைச் சுற்றித் திரும்பும். திரும்பும்போது பிடி தலைக்குச் சற்று மேலே, மெதுவாகப் போகும். லிஃப்டை இயக்கும் லூசியன் என்னைப் பார்த்து, "என்ன நோரீன், சறுக்க வந்தியா, இல்ல என் வேலைய எடுத்துக்க வந்தியா?" என்றான். எதற்கு வந்தேன் என்று சொன்னேன்.  அவன் தன் குடிலில் இருந்த ஏணிப்படியை எடுத்து எனக்குப் போட்டான்.

ஒவ்வொரு தாடையிலும் எண் படித்தேன். பன்னிரண்டு. முப்பத்தொன்று. நாற்பத்தாறு. மூச்சுவிட்டால் இமை ஒட்டிக்கொண்டது. எல்லாத் தாடைகளிலும் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று. பஸ்கள் வந்தன. பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு இரண்டு இரண்டு பேராக நாற்காலியில் ஏறி மேலே போக ஆரம்பித்தார்கள். ஏறுகிற ஒவ்வொரு ஜோடிக்கும் மேலே இருந்த எண்ணைப் படித்தேன். முப்பத்தெட்டு என்றால் மூச்சு வந்தது. ஐம்பத்தேழு என்றால் நின்றது. ஐம்பத்தேழில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் குழந்தையும் இன்னொரு பெண்ணும் ஏறிப் போனார்கள். அதில் எதுவும் தெரியவில்லை. போகவிட்டேன்.

ஐந்தாறு நிமிடம் கழித்து அறுபத்துமூன்றாம் எண் காலியாகச் சுற்றி வந்தது. உறைபனிக்கு நடுவே, வளைவின் மேல், தலைமுடி கனத்தில் பழுப்பாக ஒரு கோடு. துரு. உள்ளே தண்ணீர் போய் வந்திருக்கிறது. விரிசல் நேற்று விழுந்ததல்ல.

"லூசியன்," என்றேன். கத்தவில்லை.  "நிறுத்து."

அவன் ஏன் என்று கேட்காமல் நிறுத்தும் பொத்தானில் கையை இறக்கினான். சக்கரம் நின்றது. மலை நெடுக நாற்காலிகள் முன்னும் பின்னும் ஆடின. ஆடி ஆடி அடங்கும் வரை நான் மேலே பார்க்கவில்லை. அந்தக் குலுக்கலே ஒரு தாடையை உடைத்துவிடக்கூடும் என்பது நிறுத்தச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

வெண்டெல் ஓடி வந்தார். "யாரு நிறுத்தச் சொன்னது? மேல நாப்பத்துநாலு பேர் இருக்காங்க. இந்தக் குளிர்ல அரை மணி உட்கார்ந்தா விரல் போயிடும். ஓட்டு, மெதுவா ஓட்டி இறக்கு."

"ஓட்டினா எல்லாப் பிடியும் ஒவ்வொரு தூணுலயும் இருக்கற சக்கரத்து மேல ஏறி இறங்கும்," என்றேன். "ஏறி இறங்கும்போதுதான் உடையும்."

"ஓட்டலன்னா உறைஞ்சு போவாங்க."

இரண்டுமே உண்மை. அவர் அறுபத்துமூன்றின் கோட்டை ஏணியில் ஏறிப் பார்த்தார். இறங்கினார். மீட்புக்காரர்களைக் கயிறோடு கூப்பிடச் சொல்லி லூசியனுக்குச் சைகை காட்டினார்.

கம்பிவடத்துக்கு மேல் கயிற்றை எறிந்து, அதில் இருக்கை கட்டி, ஒவ்வொருவராக இறக்கினார்கள். ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. கீழே நின்றவர்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். யாரோ பாடச் சொன்னார்கள், கொஞ்ச நேரம் பாட்டு கேட்டது, பிறகு அதுவும் நின்றது. சிவப்புத் தொப்பி ஓடைப் பள்ளத்துக்கு மேலே, மூன்றாம் தூணுக்கும் நான்காம் தூணுக்கும் நடுவில் தொங்கியது. அங்கே உயரம் நாற்பது அடி, அடியில் பாறை. அவளைத்தான் கடைசியில் இறக்க முடிந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு விரல் நுனி கறுத்துவிட்டது. ஒருவரும் விழவில்லை.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். ஐம்பத்தேழின் மரையில் மெக்கானிக் ஸ்பானரை வைத்து முதல் திருகு திருகியதும் தாடை இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி பனியில் விழுந்தது. உடைந்த முகத்தில் முக்கால் பங்கு துரு. மீதிக் கால் பங்கு மட்டும் புது வெள்ளி போலப் பளபளத்தது. அந்தக் கால் பங்கில்தான் இரண்டு பிள்ளைகள் ஒரு மணி ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். முப்பத்தாறில் ஒன்பது தாடைகளுக்குள் குழி இருந்தது.

மார்ச்சில் விசாரணை நடந்தது. டெல்பர்ட் எக்ஸ்ரே தாளைத் தானே எழுதியதாக ஒப்புக்கொண்டான். வேலை போயிற்று, வழக்கு இன்னும் நடக்கிறது. ஓவைலா அதற்குப் பிறகு பட்டறைக்கு வரவில்லை. என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: இந்தப் பொருளுக்கு எது சரியான முறை என்று ஆகஸ்டில் உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்றேன். எழுதிக்கொண்டார்கள். ஆலை என்னை வைத்துக்கொண்டது. லிஃப்டை நிறுத்தியவள் என்று செய்தித்தாளில் பெயர் வந்துவிட்டதால் அனுப்ப முடியவில்லை என்று நினைக்கிறேன். மலை அந்தக் குளிர்காலத்தில் மறுபடி திறக்கவே இல்லை. என் தங்கை குடும்பம் வேலை தேடி நியூ ஹாம்ப்ஷயர் போயிற்று.

ஏப்ரலில் கடைத்தெருவில் பாலும் முட்டையும் வாங்கப் போனேன். கல்லாவில் டார்லா பெக்கம் இருந்தாள். சிவப்புத் தொப்பிக் குழந்தை அவள் மகள் என்று எனக்குத் தெரியும். வேறு கல்லா திறந்திருக்கவில்லை.

"நீங்கதான நிறுத்தினது?" என்றாள். கண் கலங்கியிருந்தது. "உங்க வீட்டுக்கு வரணும்னு எத்தனையோ நாள் நினைச்சேன். வந்தா அழுதுடுவேன்னு வரல."

பின்னால் நின்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு நான் வந்திருக்கலாம்.

"அத வார்ப்புல பண்ணலாம்னு எழுதினதும் நான்தான் டார்லா," என்றேன். "பண்ணக் கூடாதுன்னு அப்பவே தெரியும்."

முட்டைப் பெட்டி அவள் கையில் அப்படியே நின்றது. அவள் என் முகத்தில் எதையோ தேடினாள். பிறகு பெட்டியைத் திறந்து, முட்டை எதுவும் உடைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, மூடி, பையில் வைத்தாள். மீதிச் சில்லறையை என் கையில் தராமல் பலகை மேல் வைத்தாள்.

"அடுத்தவங்க வாங்க," என்றாள்.